கிவியார்வியில் யாரும் எதுவும் சொல்லவில்லை

2007 ஜூலை 12

கிவியார்வி ஊராட்சித் தலைவர், மாண்புமிகு ரெய்னோ கோட்டிலா அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தாங்கள் மரச் சுத்தியால் மேசையைத் தட்டி, "மூணு நிமிஷம் ஆச்சு. உக்காரு இர்யா. இன்னும் ஏதாவது இருந்தா எழுதிக் குடு" என்று சொன்னீர்கள். இதோ, எழுதிக் கொடுக்கிறேன். கூடப் பிறந்த தங்கையை ஊர் முன்னால் உட்காரச் சொன்ன வாய்க்கு இனி என் பதில் எழுத்தில் மட்டும்தான்.

விஷயம் தங்களுக்குத் தெரியாதது இல்லை. காட்டுக்குள் வருகிற குவாட் வண்டிப் பாதை என் பேஸ்டிக் கடைக்கு இரண்டு மைல் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் ஊர்ச் சாலை. பதினோரு வருஷமாக அந்த நாலு சக்கர மோட்டார் பைக்காரர்கள் சாலையோரமாக ஒருவர் பின் ஒருவராக ஊர்ந்து வந்து, இறைச்சியும் கிழங்கும் அடைத்த என் பேஸ்டியைத் தின்று, காபியைக் குடித்து, தொப்பையைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஊர்ச் சாலையில் குவாட் ஓடக்கூடாது என்று பழைய தடை ஒன்று புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் ஞாபகமில்லை. ஏரியின் தெற்குக் கரையில் கோடை வீடு வைத்திருக்கிற சிகாகோக்காரர்கள் தூசி, சத்தம் என்று புகார் எழுதி அதை எழுப்பிவிட்டார்கள். இப்போது ஷெரீஃப் ஆபீஸ் கார் தேவாலயத்துக்குப் பின்னால் மறைந்து நின்று வருகிறவனுக்கெல்லாம் அபராதச் சீட்டு கிழிக்கிறது. போன வருஷம் ஜூலை நான்காம் தேதி உட்கார இடமில்லாமல் படியில் தட்டோடு நின்றார்கள். இந்த வருஷம் அதே நாளில் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர்.

தடையை நீக்கு. (நீக்குங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.) நீக்காவிட்டால் அடுத்த கோடைக்கு என் கடை இருக்காது. இது மிரட்டல் இல்லை, நடக்கப்போவது.

இர்யா ருஸ்கா

பி.கு. சனிக்கிழமை என் சௌனா அறை எல்லாருக்கும் ஆவி பறக்கச் சூடாக இருக்கும், உனக்கு மட்டும் மூடியிருக்கும். உன் வீட்டில்தான் குளியல் தொட்டி இருக்கிறதே, அதில் போய் உட்கார்.


2007 ஜூலை 18

திருமதி இர்யா ருஸ்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தபால்தலை ஒட்டாமல் அடுத்தவர் தபால் பெட்டியில் கடிதம் போடுவது சட்டப்படி குற்றம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்று நிமிஷம் என்பது எல்லாருக்கும் உள்ள விதி. உனக்கு முன்னால் பேசிய சிகாகோ வக்கீல் விட்காம்புக்கும் அதே சுத்தியைத்தான் தட்டினேன். அவர் உட்கார்ந்தார். நீ "தட்டு, தட்டு, மேசை உடையட்டும்" என்றாய்.

தடையை நீக்குவது பற்றிய வாக்கெடுப்பு அக்டோபர் ஒன்பதாம் தேதி. செப்டம்பர் முப்பதுக்குள் வருகிற கடிதங்கள்தான் உறுப்பினர்கள் முன் வைக்கப்படும். இன்றுவரை தடை இருக்க வேண்டும் என்று வந்தவை நாற்பத்து மூன்று. நீக்க வேண்டும் என்று வந்தது ஒன்று, உன்னுடையது. அதிலும் பாதி என் குளியல் தொட்டியைப் பற்றி.

நான் தலைவன். காகிதத்தில் இருப்பதைத்தான் எண்ண முடியும். ஊர்க்காரர்கள் மனசுக்குள் வைத்திருப்பதை எப்படி எண்ணுவேன்? எழுதச் சொல்.

ரெய்னோ கோட்டிலா


2007 செப்டம்பர் 24

ரெய்னோ,

எழுதச் சொன்னாயே, சொல்லிப் பார்த்தேன். ஒரு கட்டுத் தாளும் ஒரு டப்பா பேனாவும் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் வீடு வீடாக அலைந்தேன்.

முதலில் அர்வோ லெஹ்தோ. விறகு பிளந்துகொண்டிருந்தார். தாளை நீட்டினேன்.

"என்னது இது?"

"ரெய்னோவுக்கு ஒரு கடிதாசி. ரோட்டைத் தொறந்து விடுன்னு."

"அவனுக்குத்தான் தெரியுமே."

"எப்படித் தெரியும்? நீங்க சொன்னதே இல்லையே!"

"இருபது வருஷமா அவன் எதிர்லதானே ஓட்டிக்கிட்டுப் போறேன். அவனுக்கென்ன கண்ணு இல்லையா?"

மறுபடி கோடாலியை எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்ததாம்.

சுலோ வீட்டில் உட்கார வைத்து மூன்று கோப்பை காபி கொடுத்தார்கள். உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசினார்கள். நான் தாளை எடுத்ததும் சுலோ ஜன்னலைப் பார்த்தார். அவர் மனைவி ஹில்கா அடுப்பைப் பார்த்தாள். அப்புறம் ஹில்கா, "இன்னொரு காபி ஊத்தட்டா?" என்றாள்.

எல்லா வீட்டிலும் இதே கதை. நம் ஜனத்தைத்தான் உனக்குத் தெரியுமே. கல்யாணப் பேச்சையே தலையாட்டி முடித்தவர்கள். யாருமே தடைக்கு ஆதரவில்லை, ரெய்னோ. ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு குவாட் நிற்கிறது. விறகு இழுப்பதும் அதுதான், மான் இழுப்பதும் அதுதான். ஆனால் அதை ஒரு தாளில் எழுதச் சொன்னால், நான் ஏதோ துணியை அவிழ்க்கச் சொன்ன மாதிரி சிவந்துபோகிறார்கள். சிகாகோக்காரர்களுக்கு எழுதுவதே தொழில். அவர்கள் நாற்பத்து மூன்று எழுதுவார்கள், நூற்று நாற்பதும் எழுதுவார்கள்.

ஒரு மாத அலைச்சலுக்கு ஒரே ஒரு கடிதம் கிடைத்தது. இதோடு வைத்திருக்கிறேன். அர்வோ மறுநாள் காலை என் கடைக்கு வந்து, நின்றபடியே எழுதி, மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்: "ரோடு ஓட்டிப் போகத்தான் இருக்கிறது. அர்வோ லெஹ்தோ."

இதையும் எண்ணிக்கொள். தபால்தலை ஒட்டியிருக்கிறேன், சந்தோஷமா?

இர்யா


2007 அக்டோபர் 11

இர்யா,

இதை நேரில் சொல்லத்தான் புதன்கிழமை வந்தேன். கடைக்குள் விளக்கு எரிந்தது, நீ கதவைத் திறக்கவில்லை.

நான்குக்கு ஒன்று. தடை அப்படியே இருக்கிறது. உறுப்பினர்களில் நம் மன்றச் செயலர் மார்லீன் மட்டும் உன் பக்கம். நான் எதிர்த்துத்தான் வாக்களித்தேன். சிகாகோக்காரர்களுக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். காரணத்தை என்னிடமே கேட்டிருக்கலாம்.

ஹாக்கலா வளைவு உனக்குத் தெரியும், உன் கடைக்கு அரை மைல் முன்னால். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒஹாயோக்காரன் ஒருவன் அங்கே குவாட்டோடு கவிழ்ந்தான். அந்த டயர் மண்ணுக்கென்று செய்தது. தாரில் அது வழுக்கிக் கொடுக்காமல் பிடித்துக்கொள்ளும். வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி ஆளோடு புரளும். தீயணைப்புத் தொண்டர்கள் நாலு பேர் போய் வண்டியைத் தூக்கினோம். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம். அதுவரை அவன் கை என் கையில் இருந்தது. வீட்டில் நாய்க்கு யார் சோறு வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் கேட்பதை நிறுத்தியிருந்தான். இதை நான் யாரிடமும் பேசினதில்லை. நாம் பேசாத ஜனம் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ஆகவே தடை தடைதான். இனி கண்டிப்பாக அமலாகும். உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற வித்தியாசமே கிடையாது. ஊராட்சிச் சாலையில் எந்தக் குவாட்டும், எந்தக் காரணத்துக்காகவும், ஒரு கஜம்கூட ஓடக்கூடாது.

ரெய்னோ


2007 டிசம்பர் 1

அண்ணா,

ஒஹாயோக்காரனைப் பற்றி எழுதியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். வருத்தமாக இருந்தது. ஆனால் ஒரு வளைவுக்குப் பயந்து இரண்டு மைலைப் பூட்டியிருக்கிறாய், அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது.

முதல் பெரிய பனி விழுந்துவிட்டது. இன்று காலை வழக்கம்போல என் குவாட்டின் முன்னால் பனி தள்ளும் பலகையை மாட்டினேன். சாவியும் போட்டேன். அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. "எந்தக் காரணத்துக்காகவும், ஒரு கஜம்கூட." இறங்கி, பலகையைக் கழற்றி, கொட்டகையைப் பூட்டிவிட்டேன்.

மாவட்டத்துப் பனி வண்டி சாலையை மட்டும்தான் தள்ளும், ஒவ்வொரு வாசலிலும் இடுப்புயரப் பனி மேட்டை விட்டுவிட்டுப் போகும். ஊராட்சி மன்ற வாசலை ஒவ்வொரு வருஷமும் தள்ளுகிறவள் நான். தேவாலயத்துப் படியும் தீயணைப்பு நிலையக் கதவும் அர்வோ. தெற்குக் கரையின் கோடை வீடுகளுக்கு வழி வெட்டி, கூரைப் பனியைத் தள்ளி, குழாய் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலோ. எல்லாரும் சாலையில் குவாட் ஓட்டித்தான் போகிறோம், வேறு எப்படிப் போவது? பிக்கப் லாரியில் பனிப் பலகை மாட்டியிருப்பது ஊரிலேயே ஒருவன். அவன் வண்டியின் கியர்பாக்ஸ் அக்டோபரிலிருந்து மேசைமேல் கிடக்கிறது.

நான் அர்வோவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தின் கடைசி வரியை நகலெடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினேன், அவ்வளவுதான். படித்தார். தலையாட்டினார். போய்விட்டார். மத்தியானத்துக்குள் ஊரில் ஒரு குவாட் சத்தமும் இல்லை.

நாங்கள் சட்டத்துக்கு அடங்கியவர்கள், தலைவரே.

இர்யா


2007 டிசம்பர் 13

இர்யா,

இதற்குப் பெயர் சட்டத்துக்கு அடங்குவது இல்லை. பிடிவாதம். அப்பாவிடம் இருந்தது, உனக்கு வந்திருக்கிறது. எனக்கு வராமல் போனதே பெரிய விஷயம்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. அறிவித்த இடத்தில்தான் கூட்டம் நடத்த வேண்டும். அந்த இடத்தின் கதவு பனிக்குப் பின்னால் இருந்தது. மார்லீன் உயரக் குதிகால் செருப்போடு சாலையில் நின்று, "என்னங்க தலைவரே, சிம்னி வழியா எறங்கணுமா?" என்று கேட்டாள்.

தீயணைப்பு நிலையக் கதவை நானே நாலு மணி நேரம் மண்வெட்டியால் வெட்டினேன். அறுபத்தாறு வயசு முதுகு. இன்னும் நிமிரவில்லை. மறுநாளும் பனி. பயந்துகொண்டே போனால் யாரோ எனக்கு முன்னாலேயே சுத்தமாக வெட்டி, மணலும் தூவிவிட்டுப் போயிருந்தார்கள்.

விட்காம்ப் சிகாகோவிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார். கூரையில் எவ்வளவு பனி என்று கேட்கிறார். "நிறைய" என்றேன். ஆள் அனுப்பச் சொல்கிறார். சுலோவிடம் போனேன். "அண்ணே, சட்டம்ணே" என்றார். இருபது வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு.

ஒரு வழி சொல்கிறேன். பனிப் பலகை மாட்டிய குவாட்டுக்கு மட்டும் விலக்கு. ஜனவரியிலேயே நிறைவேற்றலாம். ஒத்துக்கொள்.

ரெய்னோ


2007 டிசம்பர் 19

அண்ணா,

ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் வாசலைத் தள்ள வேண்டுமென்றால் நாங்கள் சாலையில் வரலாம், எங்கள் பிழைப்புக்காக வரக்கூடாது, அப்படித்தானே? வேலைக்காரிக்குத் திறக்கிற பின்வாசல் எனக்கு வேண்டாம். திறந்தால் எல்லாருக்கும் திற. விளக்கு, தலைக்கவசம், மணிக்கு இருபத்தைந்து மைல், வரிசையாக ஒருவர் பின் ஒருவர் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள், கையெழுத்துப் போடுகிறேன். வளைவுக்குப் பயமா, வளைவில் எச்சரிக்கைப் பலகை வை. யார் வேண்டாம் என்றது?

தீயணைப்புக் கதவை வெட்டியது அர்வோவும் சுலோவும் நானும். கையால்தான் வெட்டினோம், நடந்துதான் போனோம். தினமும் வெட்டுவோம். வீடு தீப்பிடித்தால் யார் எந்தக் கட்சி என்று நெருப்பு கேட்காது. மன்ற வாசல் வேறு விஷயம், அது அப்படியே கிடக்கட்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். கடையைச் சாத்திவிட்டேன். மில்வாக்கியிலிருந்து ஒருவன் வந்து பார்த்தான். கடையை இடித்துவிட்டுப் படகுக் கொட்டகை கட்டப்போகிறானாம். என் அடுப்பைத் தட்டிப் பார்த்து, "இது பழைய இரும்புக்குத்தான் போகும்" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னான். மார்ச் ஒன்றாம் தேதி வரை பதில் சொல்ல அவகாசம் கேட்டிருக்கிறேன். மறு வாக்கெடுப்புக்கு மார்லீன் மனு கொடுத்திருக்கிறாள், பிப்ரவரியில். அதிலும் தோற்றால் விற்றுவிட்டு டுலூத்தில் மகளோடு போய் இருப்பேன். நான் அழவில்லை. எழுதும்போது அழுதால் மை கலையும்.

முதுகு எப்படி? சனிக்கிழமை சௌனாவுக்கு வா, சூடு பட்டால் சரியாகும். ஆனால் ரோட்டைப் பற்றி உள்ளே ஒரு வார்த்தை பேசினால் ஈரத் துண்டோடு பனியில் நிற்பாய். ரோட்டுப் பேச்சு கடிதத்தில் மட்டும்.

இர்யா


2008 பிப்ரவரி 10

அண்ணா,

வருகிற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். வந்தால் அது கோட்டிலா வீட்டு அண்ணன் தங்கை சண்டையாகிவிடும், ஊர்ப் பிரச்சினை அடிபட்டுப் போகும். எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறேன். "ரெண்டு வார்த்தையாவது பேசுங்க, உங்க கால்ல விழறேன்" என்று கெஞ்சினேன். ஹில்கா, "பாக்கலாம்" என்றாள். அர்வோ அதுகூடச் சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுது.

இர்யா


2008 பிப்ரவரி 13

இர்யா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மன்றக் கதவளவுக்கு நானே ஒரு வழி வெட்டியிருந்தேன். ஆறு மணிக்கு விட்காம்ப் வந்தார், சிகாகோவிலிருந்து அதற்கென்றே. கூட இன்னும் மூன்று பேர். ஆறேகாலுக்கு நம் ஆட்கள் அந்த வழியில் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நாற்காலி போதவில்லை. பூட்ஸ் பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர்.

விட்காம்ப் முதலில் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அமைதி, சொத்து மதிப்பு, எல்லாம் சொன்னார். சுத்தி தட்டினேன், உட்கார்ந்தார்.

அடுத்துப் பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்றேன். அர்வோ எழுந்து மைக் முன்னால் வந்தார். "அர்வோ லெஹ்தோ. ஸ்டோன் லேக் ரோடு, பதினேழு" என்றார். அப்புறம் நின்றார்.

பேசுவார் என்று காத்திருந்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மார்லீன் என் முழங்கையை இடித்து, "பேச்சு வரலையோ?" என்று கேட்டாள். மூன்று நிமிஷம் ஆனதும் தட்டினேன். "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அடுத்து சுலோ. பெயர், விலாசம், மூன்று நிமிஷம். அடுத்து ஹில்கா. அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஐந்தாவது ஆள் வந்தபோதுதான் எனக்கே புரிந்தது. ஒவ்வொருவரும் வந்து, தங்கள் மூன்று நிமிஷத்தை என் முகத்துக்கு நேராக நின்று கழித்துவிட்டுப் போனார்கள். இதைச் சொல்லிக்கொடுத்தது நீ இல்லை என்று தெரியும். உனக்கு மூன்று நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியாது.

பத்தாவது ஆளில் விட்காம்ப் எழுந்துவிட்டார். "இவங்க ஒண்ணுமே சொல்லலையே! இதெல்லாம் எப்படிக் கணக்குல வரும்?"

நான் சொன்னேன்: "சார், அந்த மூணு நிமிஷம் அவங்களோடது. அதை வச்சு என்ன செய்யணும்ங்கறது அவங்க இஷ்டம். நீங்க உக்காருங்க."

முப்பத்தெட்டு பேர். எட்டரை வரை போயிற்று. நான் முப்பத்தெட்டு தடவை தட்டினேன். கடைசியில் கை வலித்தது. மார்லீன் குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயராக எழுதி, எதிரே "எதுவும் சொல்லவில்லை" என்று முப்பத்தெட்டு தடவை எழுதினாள். இப்போது அது காகிதத்தில் இருக்கிறது.

வாக்கெடுப்பு மூன்றுக்கு இரண்டு. நீ எழுதிய நிபந்தனைகளோடு, மணிக்கு இருபத்தைந்து மைல் உட்பட, தடை நீங்கியது. மே முதல் சனிக்கிழமை சாலை திறக்கும்.

அந்த இரண்டில் ஒன்று நான். அதை நீ என் வாயால் கேட்க வேண்டும். முப்பத்தெட்டு பேர் என்னைப் பார்த்தார்கள், அந்த ஒஹாயோக்காரனும் என்னைப் பார்த்தான். வளைவை மட்டும் விலக்க ஒரு திருத்தம் கொண்டுவந்தேன், தோற்றுவிட்டது. வளைவை மூடினால் உன் கடைக்கு வழி இல்லை என்று மார்லீன் சொன்னாள். அது சரிதான். பத்து மைல் என்று வேகம் குறைத்துப் பலகை வைக்கலாமென்றேன். இரண்டு கூட்டமாக இதையே பேசிச் சலித்துப்போனார்கள், நவம்பர் தேர்தலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்கள்.

ஆகவே மே முதல் சனிக்கிழமை நான் அந்த வளைவில் நிற்பேன், கையில் பலகையோடு. தலைவராக இல்லை. ஒரு ஆள் சாலையோரம் நிற்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. புத்தகத்தில் பார்த்துவிட்டேன்.

மில்வாக்கிக்காரனுக்குப் பதில் எழுது.

ரெய்னோ


2008 மே 4

அண்ணா,

மில்வாக்கிக்காரனுக்கு மார்ச்சிலேயே எழுதிவிட்டேன். அவன் வாழ்நாளில் அப்படி ஒரு கடிதம் வந்திருக்காது.

நேற்றுக் காலை முதல் வண்டி நான்தான், பார்த்தாய் அல்லவா. பின்னால் அர்வோ, சுலோ, அதற்குப் பின்னால் எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள், வரிசை தேவாலயம்வரை. நீ அந்த ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒட்டுப்பலகையில் "பத்து" என்று பெயின்டால் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் வேண்டுமென்றே உன் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"நகரு. யாவாரத்தைக் கெடுக்காத."

"பத்து மைல், இர்யா."

"சட்டம் இருபத்தஞ்சுன்னு சொல்லுது. நீ தோத்துட்ட."

"தெரியும். பத்து மைல்."

பத்திலேயே போனேன். பின்னால் வந்த அத்தனை பேரும் பத்திலேயே வந்தார்கள். கடையில் ஒருவன் கேட்டான், "அந்தப் பெரியவர் யாரு? அப்படிப் பாக்குறாரு?" நம் ஊராட்சித் தலைவர் என்றேன். சிரித்தான், நம்பவில்லை. பேஸ்டி பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துவிட்டது. உனக்கென்று எடுத்து வைத்ததையும் விற்றுவிட்டேன், பொறுத்துக்கொள்.

நீ எதிர்த்து வாக்களித்தது எனக்கு ஆறவில்லை. ஆறப்போவதும் இல்லை. உன் சொந்தத் தங்கை கடையை இழந்துவிட்டு டுலூத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று கை தூக்கினாய். அதே நீ ஒன்பது மணி நேரம் மழைத் தூறலில் நின்று என் கடைக்கு வருகிற ஒவ்வொருவனையும் முழுசாக அனுப்பி வைத்தாய். இதில் எதை மன்னிப்பது, எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இன்று காலை ரொட்டி மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நவம்பர் தேர்தலில் தலைவர் பதவிக்கு உன்னை எதிர்த்து நான் நிற்கிறேன். அர்வோதான் முன்மொழிகிறார். பெயரைக் கேட்டதும் தலையாட்டினார், வேறொன்றும் இல்லை. உன்னைத் தோற்கடிப்பேன். முழு மனசோடு தோற்கடிப்பேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் தீர்மானம், ஹாக்கலா வளைவில் மணிக்குப் பத்து மைல், இரண்டு பக்கமும் இரும்புக் கம்பத்தில் பலகை. அதைச் சட்ட பாஷையில் எழுத எனக்கு வராது. நீதான் எழுதித் தர வேண்டும்.

அதுவரை சனிக்கிழமைகளில் நீ நின்றாக வேண்டும். நாற்காலி அனுப்புகிறேன். மழைக்கோட்டும்.

உன் தங்கை,
இர்யா